ஏழாவது பெயர்

ஓசிங் ஒரு பன்றியைக் கொல்ல எடுத்துக்கொள்ளும் நேரத்தில் உங்களால் ஒரு வாய்க் காப்பி கூட ஒழுங்காகக் குடிக்க முடியாது. இரண்டு பேர் கால்களைப் பிடிக்க வேண்டும். ஒருவர் ரத்தத்துக்குச் சட்டியை நீட்ட வேண்டும். அவள் முழங்காலைப் பன்றியின் தோள்மேல் ஊன்றி, தாடைக்குக் கீழே நான்கு விரற்கடை அளந்து, கத்தியைச் சாய்த்து இறக்குவாள். ஒரே குத்து. இரண்டாம் குத்துக்குப் போகிறவனை அவள் தொழிலாளி என்று சொல்ல மாட்டாள், கொலைகாரன் என்பாள். பன்றி கத்துகிற கத்தல் கடற்கரை வரை கேட்கும். ரத்தம் சட்டியில் விழும்போதே அதில் வினிகரை ஊற்றிக் கையால் கலக்க வேண்டும், இல்லையென்றால் கட்டி தட்டிவிடும். குழம்புக்கு ஆகாது.

முழுப் பெயர் யூஃப்ரோசினா மக்சினோ. மணிலாவுக்குத் தெற்கே, பத்தங்காஸ் கடலோரத்தில் மாலிபோ என்ற ஊர். அங்கே கல்யாணம், ஞானஸ்நானம், தேர்தல் வெற்றி, எதுவானாலும் மேசை நடுவில் ஒரு முழுப் பன்றி படுத்திருக்க வேண்டும். வயிற்றில் புளியந்தளிரும் பூண்டும் உப்பும் அடைத்து, மூங்கிலில் கோத்து, நான்கு மணி நேரம் தணலில் சுற்றி, தோல் கண்ணாடி போலச் சிவந்து வந்த லெச்சோன். அது இல்லாத விருந்துக்குப் போய் வந்தவர்கள் அந்த வீட்டைப் பற்றி ஒரு வாரம் பேசுவார்கள். முப்பது வருடமாக மாலிபோவின் லெச்சோன்களில் பாதி ஓசிங் குத்திச் சுட்டவை.

ஆனால் அவளுக்கு உயிர் வேறொன்றில் இருந்தது. எழுதுவதில்.

சின்ன வயதில் பள்ளியில் பென்சிலை இடது கையில் பிடித்ததற்காக மரச்சட்டத்தால் விரல் கணுக்களில் அடி வாங்கியவள். எழுதினால் அடி, எழுதாவிட்டாலும் அடி. ரத்தம் வழியும் விரலோடு வீட்டுக்கு வந்து, பன்றிக் கொட்டகைச் சுவரில் அடுப்புக்கரியால் அதே இடது கையால் எழுதுவாள். அப்பா செத்ததும் ஐந்தாம் வகுப்போடு படிப்பு போனது. கத்தி வந்தது. அதையும் இடது கையில்தான் பிடித்தாள். அதற்கு யாரும் அடிக்கவில்லை.

எந்தப் பன்றி யாருக்கு என்று குழம்பாமல் இருக்க, விலா மேல் கருப்புச் சாயத்தால் வீட்டுக்காரர் பெயரை எழுதி வைப்பது அந்தத் தொழிலில் வழக்கம். மற்றவர்கள் பெயரோடு நிறுத்திக்கொள்வார்கள். ஓசிங்குக்குக் கை நிற்காது. பன்றியே பேசுவது போல ஒரு வரி சேர்ப்பாள். 'எலிகியோ வீட்டுக் கல்யாணம். மாப்பிள்ளையைவிட நான் வளர்த்தி.' 'ஞானஸ்நானத்துக்குப் போகிறேன். குழந்தை இனிமேல்தான் அழும், நான் அழுது முடித்துவிட்டேன்.' சந்தைக்குப் போகிற பெண்கள் கூடையோடு கொட்டகை வேலியில் நின்று படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். தன் பன்றிக்கு என்ன எழுதியிருக்கிறாள் என்று பார்க்கவே சிலர் முந்தின நாளே வருவார்கள்.

மறுநாள் குத்து விழும். கொதிக்கிற நீரை வாளி வாளியாக ஊற்றி, தகரத்தால் மயிரைச் சுரண்டும்போது எழுத்தும் மயிரோடு கழிந்து சாக்கடைக்குப் போகும். அவளுடைய எழுத்துக்கு ஒரு நாள்தான் ஆயுசு.

"இவ்வளவு அழகா எழுதிட்டு நீங்களே வெந்நிய ஊத்துறீங்களே, மனசு வரலையா?" என்று அவள் தம்பி பெண்டாட்டி லூமிங் ஒருமுறை கேட்டாள்.

"அழியிற எழுத்துன்னா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்கடி," என்றாள் ஓசிங். "அதான் எனக்கு சௌகரியம்."

தம்பி டெல்ஃபின். அவளுக்குப் பத்து வயது இளையவன். அம்மா பெற்றுப் போட்டுவிட்டுப் போக, ஓசிங்தான் வளர்த்தாள். கல்யாணம் கில்யாணம் என்று அவள் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவன், புயலில் படகு இரண்டாகப் பிளந்த பிறகு சும்மா இருந்தான். அக்காவுக்குப் பன்றிக் கால் பிடிக்க வருவான்.

அந்தப் புயலுக்கு இரண்டு மாதம் கழித்துத்தான் ஊர்த் தலைவர் நர்சிஸோ டிமாயுகா கொட்டகைக்கு வந்தார். எல்லோருக்கும் அவர் கேப்டன். இடுப்பில் துப்பாக்கி இருக்கும், கையில் எப்போதும் ஒரு சண்டைச் சேவல் இருக்கும். சேவலைத் தடவுகிற மாதிரியே ஆட்களின் தோளையும் தடவுவார்.

"ஓசிங், என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி. நீ அழகா எழுதுவேன்னு ஊரே சொல்லுது. இதை நல்ல தாள்ல எழுதிக் குடு." சேவல் சண்டை நோட்டீசின் பின்பக்கத்தில் ஆறு பெயர்கள் கிறுக்கியிருந்தார்.

"எதுக்கு கேப்டன்?"

"நிவாரண அரிசி வருது. வேலவெட்டி இல்லாத பயலுக பேரா மேலிடத்துல கேக்குறாங்க."

காலோய், இசிட்ரோ, பேட்ரிங், மொய்செஸ், அண்டோய், கிகோ. எல்லாம் கடற்கரைக் குடிசைகளில் இருக்கும் பையன்கள். சந்தேகப்பட அதில் ஒன்றுமில்லை. ஓசிங் கையைக் கழுவி, மேசையைத் துடைத்து, கோடு போடாத வெள்ளைத் தாளில் அச்சடித்த மாதிரி எழுதினாள். ஆறு முடிந்ததும் பேனா நிற்கவில்லை. படகு போன தம்பிக்கு மட்டும் அரிசி வேண்டாமா? ஏழாவதாக டெல்ஃபின் என்று எழுதினாள். மற்ற ஆறு பெயர்களைவிடக் கொஞ்சம் அழகாகவே எழுதினாள், அந்த முதல் எழுத்துக்கு ஒரு வளைவு கொடுத்து.

கேப்டன் தாளை வாங்கி விரலால் எண்ணினார். ஏழில் நின்றார். அவளைப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"ஏழா? சரி. ஏழாவே இருக்கட்டும்."

காலோயை பாஸ்கெட்பால் மைதானத்தில் சுட்டார்கள். பட்டப்பகல். மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர், தலைக்கவசம், பின்னால் இருந்தவன் இறங்கக்கூட இல்லை. போதைப்பொருள் விற்றான், போலீஸ் பட்டியலில் பெயர் இருந்தது என்றார்கள். காலோய் விற்றதெல்லாம் குச்சி ஐஸ். ஒன்பது நாள் கழித்து இசிட்ரோ, தண்ணீர்க் குழாயடியில். குடம் நிரம்பி அவன் மேலேயே வழிந்துகொண்டிருந்ததாம். பேட்ரிங்கை அவன் அம்மா கண் முன்னால், சோற்றுத் தட்டோடு. நெற்றியில் ஒன்று, வாயில் ஒன்று.

மூன்றாவதிலேயே ஓசிங் விரல் விட்டு எண்ணத் தொடங்கினாள். நான்காவதாக மொய்செஸ் விழுந்தபோது கொட்டகைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தாள். அவள் எழுதிய வரிசை. மேலிருந்து கீழாக, ஒன்று கூடப் பிசகாமல்.

"மணிலாவுக்குப் போடா," என்றாள் தம்பியிடம்.

"மணிலாவுல என்ன இருக்கு?"

"இங்க என்னடா இருக்கு? போ. இன்னிக்கே பஸ் ஏறு."

"அக்கா, அவனுங்க போத விக்கிறவனத்தான சுடுறானுங்க. நான் என்னத்த வித்தேன், மத்தி மீனா? சும்மா பயப்படாதீங்க."

ஏன் போகவேண்டும் என்று அவள் சொல்லியிருந்தால் போயிருப்பான். 'உன் பெயரை நான்தான் எழுதினேன்' என்று நான்கு வார்த்தை. வாய் வரை வந்தது, வெட்கம் பிடித்து இழுத்தது. பன்றி முதுகில் ஊரையே கிண்டல் செய்து எழுதுகிறவளுக்குத் தம்பி முகத்தைப் பார்த்து நான்கு வார்த்தை சொல்ல முடியவில்லை. மூன்று நாள் அப்படியே போனது. அதற்குள் அண்டோயும் கிகோவும் ஒரே காலையில் முடிந்தார்கள்.

அன்று ஒரு பிறந்தநாள் பன்றி. டெல்ஃபின் பின்னங்கால்களைப் பிடித்திருந்தான், லூமிங் சட்டியை நீட்டியிருந்தாள். ஓசிங் நான்கு விரல் அளந்து கத்தியை வைத்தாள். பன்றி கத்தத் தொடங்கியிருந்ததால் மோட்டார் சைக்கிள் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. சுட்ட சத்தம் கூட முழுசாகக் கேட்கவில்லை. டெல்ஃபின் பன்றியின் மேல் கவிழ்ந்தான். அவன் பிடி விட்டதும் பன்றி திமிறி எழுந்து, பாதி குத்திய கழுத்தோடு கொட்டகையைச் சுற்றி ஓடியது. சட்டி கவிழ்ந்தது. சிமெண்டுத் தரையில் எது யாருடைய ரத்தம் என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி எல்லாம் ஒன்றாகக் கலந்து ஓடியது. லூமிங் இரண்டு கையாலும் அவன் மார்பை அமுக்கினாள். விரல் சந்துகளில் பொங்கிப் பொங்கி வந்தது. அவ்வளவு நேரமும் அந்தப் பன்றி கத்திக்கொண்டே இருந்தது. கடைசியில் ஓசிங் எழுந்துபோய் அதைக் குத்தினாள். இரண்டு குத்து ஆனது.

சாவு வீட்டுக்கு கேப்டன் காப்பித்தூளும் பிஸ்கட் டப்பாவும் கொண்டுவந்தார். இரவு விழித்திருக்கச் சீட்டாடுகிறவர்களோடு ஒரு ஆட்டம் ஆடினார். போகும்போது ஓசிங்கின் தோளைத் தடவினார்.

"பட்டியல்ல இருந்தான். நான் என்ன செய்ய முடியும், சொல்லு."

அவர் கிறுக்கிக் கொடுத்த அந்தச் சேவல் சண்டை நோட்டீஸ் ஓசிங்கிடம் இருந்தது. எழுத்து இருக்கிற தாளை அவள் எறிய மாட்டாள், அது அவளுடைய பழைய பழக்கம். அவருடைய கோழிக் கிளறலில் ஆறு பெயர், கீழே 'அரிசி' என்று ஒரு வார்த்தை. வேறு எந்தச் சாட்சியும் இல்லாத கொலைகளுக்கு அது ஒன்றுதான் சாட்சி. அதை வெளியே எடுத்தால் நர்சிஸோ மாட்டுவார். கூடவே அதில் டெல்ஃபின் பெயர் இல்லை என்பதும் தெரிந்துவிடும். அப்புறம் லூமிங் கேட்பாள், ஏழாவது பெயர் எங்கிருந்து வந்தது என்று.

ஓசிங் சீட்டை மடித்துப் பிளாஸ்டிக்கில் சுற்றி, கத்திப் பிடியில் வழுக்காமல் இருக்கச் சுற்றும் துணிக்கு அடியில் வைத்துக் கட்டினாள். அதற்குப் பிறகு எழுதவில்லை. ஒரு எழுத்து கூட இல்லை. பன்றிகளின் விலாவில் ஒரு கோடு, இரண்டு கோடு, அவ்வளவுதான் அடையாளம்.

"என்ன அக்கா, பன்னிங்களுக்கெல்லாம் ஊமை பிடிச்சிடுச்சா?" என்று வேலியில் நின்று கேட்டவர்கள் பிறகு கேட்பதை நிறுத்திக்கொண்டார்கள். லூமிங் கொட்டகைப் பக்கமே வருவதில்லை. மீன் சந்தையில் ஐஸ் உடைக்கிற வேலைக்குப் போய்விட்டாள்.

அடுத்த ஜூன் வந்தது. ஜூன் இருபத்திநான்கு ஸ்நாபக அருளப்பர் திருநாள். ஞானஸ்நானம் கொடுத்தவரின் நாள் என்பதால் மாலிபோவில் அன்று கண்ணில் படுகிறவர் மேலெல்லாம் தண்ணீர் ஊற்றலாம், பாதிரியாரானாலும் விடமாட்டார்கள். சுட்ட பன்றிகளுக்கு வேஷம் கட்டி, பல்லக்கில் வைத்துத் தோளில் தூக்கி ஊர்வலம் போவார்கள். கூட்டத்துக்கு வேலை என்னவென்றால் தண்ணீரை அடித்துக்கொண்டே பாய்ந்து தோலைப் பிய்த்துத் தின்பது. தூக்குகிறவர்கள் உதைப்பார்கள், கூட்டம் திருப்பி உதைக்கும், யாருக்காவது பல் போகும். அதற்காகப் பல்லக்கைச் சுற்றி முள்கம்பி கட்டுவார்கள். அப்படியும் கையை விட்டுக் கிழித்துக்கொண்டு, ரத்தமும் கொழுப்புமாக விரலை நக்குகிறவர்கள் உண்டு. அதுதான் அங்கே திருநாள்.

கேப்டன் சேவலோடு வந்தார். "ஊர்லயே பெரிய பன்னி எனக்கு வேணும்."

"என்ன வேஷம்?"

"போலீஸ். தொப்பி, கண்ணாடி, நெஞ்சுல பதக்கம். பெரிய அதிகாரி விருந்துக்கு வர்றாரு, பாத்துட்டு சிரிக்கணும்."

"துணியிலயா, காகிதத்துலயா?"

"அது உன் இஷ்டம். வேஷப் பரிசு எனக்கு வரணும், அவ்வளவுதான்."

"முள்கம்பி எத்தனை சுத்து?"

"ரெண்டு சுத்து, நெருக்கமா. போன வருஷம் தெரியுமில்ல? வீட்டு வாசல்ல இறக்கும்போது எலும்பும் மூக்கும்தான் மிச்சம். விருந்தாளிக்கு மூக்கையா அறுத்து வைக்கிறது? இந்தத் தடவ ஒரு எலி கூட உள்ள கை விடக்கூடாது."

போகிறவர் திரும்பினார். அவளுடைய இடது கையைப் பிடித்து, சேவலின் காலைப் பார்ப்பது போல விரல் விரலாகப் பிரித்துப் பார்த்தார்.

"நான் குடுத்த அந்தத் துண்டுச் சீட்டு எங்க?"

"அன்னிக்கே அடுப்புல போட்டுட்டேன் கேப்டன்."

சுண்டு விரலைப் பின்னால் மடக்கினார். மெதுவாக, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே. காய்ந்த சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. ஓசிங் பல்லைக் கடித்தாள், கத்தவில்லை. அவளுக்குத் தெரியும், கத்தினால் அவருக்குப் பிடிக்கும்.

"அடுப்புல போட்டியே, நல்லது. மிச்சம் நாலு விரல் இருக்கு. பன்னி குத்த அது போதும்," என்றார்.

ஒடிந்த விரலை மூங்கில் சிம்பு வைத்துக் கட்டிக்கொண்டு அன்று முழுக்க அவள் கொட்டகையில் உட்கார்ந்திருந்தாள். பயம் ஒரு வருடமாக இருந்தது. அன்று அது தீர்ந்துபோய் வேறொன்று வந்தது. கோபம்தான், சுத்தமான கோபம். நர்சிஸோ மேல் பாதி, தன் மேல் பாதி.

லெச்சோன் தொழிலில் ஒரு பெரிய குற்றம் உண்டு. மயிர் சுரண்டும்போது தோலில் கீறல் விழுவது. பச்சையில் அது கண்ணுக்கே தெரியாது. தணலில் வைத்ததும் கீறல் விழுந்த இடம் மட்டும் வெளுப்பாகக் கொப்புளித்துக் கிளம்பி, சிவந்த தோலில் தனியாகத் தெரியும். அப்படிப்பட்ட பன்றியை வீட்டுக்காரர் வாசலோடு திருப்பி அனுப்புவார். முப்பது வருடத்தில் ஓசிங் கையில் அப்படி ஒரு கீறல் விழுந்ததில்லை.

திருநாள் அன்று விடிந்ததும் பன்றியைக் குத்தினாள். வெந்நீர் ஊற்றினாள், சுரண்டினாள், கழுவினாள். தோல் வெள்ளைத் தாள் போல இருந்தது. கால் பிடிக்க வந்த இரண்டு பேரையும் விறகு எடுக்க அனுப்பிவிட்டுச் சாக்குத் தைக்கும் ஊசியை எடுத்தாள்.

ஒரு வருடத்துக்குப் பிறகு எழுதுகிறாள். வெட்கத்தைவிட்டுச் சொல்வதானால் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்துக்காகத் தன்னைத் தானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலவும் இருந்தது. இடது விலாவில் குத்தினாள்: 'அரிசிக்கு என்று எழுதச் சொன்னவர் நர்சிஸோ. எழுதியவள் ஓசிங்.' வலது விலாவில் பெயர்கள். காலோய். இசிட்ரோ. பேட்ரிங். மொய்செஸ். அண்டோய். கிகோ.

ஆறோடு ஊசி நின்றது.

ஆறோடு நிறுத்தினால் போதும். நர்சிஸோவுக்கு ஆறே அதிகம். லூமிங்குக்குக் கடைசி வரை தெரியப் போவதில்லை. திருநாளுக்குத் திருநாள் வந்து அக்கா என்று கூப்பிட்டு ஒரு வாய் சோறு தின்றுவிட்டுப் போவாள். உலகத்தில் ஓசிங்குக்கு மிச்சம் இருக்கும் ஒரே உறவு. விறகு எடுக்கப் போனவர்களின் குரல் வேலிக்கு வெளியே கேட்டது.

டெல்ஃபின் என்று குத்தினாள். முதல் எழுத்துக்கு அதே வளைவு. அதற்குக் கீழே: 'இவனைச் சேர்த்தது நானே.'

தணல் தயாரானது. கடைசி ஒரு மணி நேரம் அவளே மூங்கிலைச் சுற்றினாள். ஆட்களைப் பூசைக்குப் போகச் சொல்லிவிட்டாள். தோல் சிவக்கச் சிவக்க எழுத்துகள் ஒவ்வொன்றாகப் பொங்கி எழுந்தன. முதலில் காலோய் தெரிந்தான். டெல்ஃபின் கடைசியாக வந்தான்.

தோல் ஊறாமல் இருக்கக் கண்ணாடிக் காகிதம் சுற்றினாள். அதன்மேல் போலீஸ் சட்டை. துணியில் தைக்கவில்லை. தண்ணீர் பட்டால் கரைகிற நீலப் பூக்காகிதத்தில் செய்து ஒட்டினாள். தொப்பி, கண்ணாடி, தங்கக் காகிதப் பதக்கம். அதற்கும் மேலே, சொன்னபடி இரண்டு சுற்று முள்கம்பி, நெருக்கமாக, முடிச்சுகளைக் குறட்டால் முறுக்கி.

கேப்டன் வந்து பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். "சல்யூட் அடிடா!" என்று பன்றியைப் பார்த்துக் கத்தினார். தூக்குகிறவர்களும் சிரித்தார்கள்.

கோயில் வாசலில் முதல் வாளி விழுந்தது. சந்தைத் தெரு திரும்புவதற்குள் குழாய், குவளை, பிளாஸ்டிக் பை, எல்லாப் பக்கமிருந்தும் தண்ணீர். பையன்கள் பல்லக்கின் மேல் பாய்ந்தார்கள். கேப்டனின் ஆள் ஒருவன் பெல்ட்டைக் கழற்றி விளாசினான், ஒருவனுக்குக் கன்னம் கிழிந்தது. கேப்டன் முன்னால் நடந்தார், நனைந்துகொண்டு, இரண்டு கையையும் தூக்கி. பின்னால் பன்றியின் சட்டை கரைந்து நீலமாக வழிந்தது.

முதலில் படித்தது பேட்ரிங்கின் அம்மா. கையில் தண்ணீர் வாளியோடு நின்றவள் வாய்விட்டு மகன் பெயரைப் படித்தாள். பிறகு மற்றதைப் படித்தாள். அவள் குரலைக் கேட்டு ஒருவர் பின் ஒருவராகப் பாய்ச்சலை நிறுத்தினார்கள். வருடா வருடம் முள்கம்பிக்குள் நுழைகிற அத்தனை கைகளில் ஒன்று கூட அன்று நுழையவில்லை. குழாயிலிருந்து தண்ணீர் மட்டும் ஊற்றிக்கொண்டிருந்தது.

கேப்டன் திரும்பிப் பார்த்தார். படிக்க அவருக்கு நேரம் ஆனது.

"கிழிங்கடா! அந்தத் தோலக் கிழிங்கடா!"

தூக்குகிறவர்கள் பல்லக்கை நடுத்தெருவில் இறக்கிவிட்டு விலகினார்கள். அவரே பாய்ந்தார். இரண்டு சுற்று, நெருக்கமாக. கையை விட்டார், முள் மணிக்கட்டில் ஏறியது. இழுத்தார், இன்னும் ஆழமாகக் கிழித்தது. விரல் நுனி கண்ணாடிக் காகிதத்தைத் தொட்டது, தோலைத் தொடவில்லை. கெட்ட வார்த்தையாகக் கொட்டிக்கொண்டு இன்னொரு கையையும் விட்டார். சட்டைக் கை முள்ளில் சிக்கி, இரண்டு கையும் உள்ளே மாட்டி, பன்றியைக் கட்டிப்பிடித்த மாதிரி நின்றார். பேட்ரிங்கின் அம்மா வாளியால் அவர் தலையில் அடித்தாள். தண்ணீரோடு அடித்தாள், பிறகு வெறும் வாளியால் அடித்தாள், கைப்பிடி கழன்று விழும் வரை அடித்தாள். அப்புறம் மற்றவர்கள் வந்தார்கள். கேப்டனின் ஆட்கள் வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள், யாரும் ஓடவில்லை. போலீஸ் வந்து அவரைப் பிய்த்து எடுத்தபோது முழங்கை வரை தோல் இல்லை.

பின்னால் நடந்ததை இப்போதே சொல்லிவிடலாம், அதில் பெருமைப்பட அதிகம் இல்லை. நர்சிஸோ ஆஸ்பத்திரியிலிருந்து சிறைக்குப் போனார், ஜாமீனில் வந்தார். அந்தச் சீட்டு வக்கீலிடம் இருக்கிறது, வழக்கு நடக்கிறது. ஓசிங்கைக் குற்றவாளி என்பதா, சாட்சி என்பதா என்று அவர்களுக்குள் இன்னும் முடிவாகவில்லை. அவளைக் கேட்டால் ஒரே நொடியில் சொல்லியிருப்பாள்.

அன்று தெரு நடுவில் பல்லக்கு கிடந்தது. லூமிங் ஐஸ் உடைக்கிற இடத்திலிருந்து ஓடி வந்திருந்தாள். உடம்பெல்லாம் நனைந்திருந்தது. வலது விலாப் பக்கம் நின்று படித்தாள். மேலிருந்து கீழே வரை, ஒரு தடவை. பிறகு கடைசி வரியை மட்டும் இன்னொரு தடவை.

"இது நெசமா அக்கா?"

"நெசம்."

"அவரு சொல்லி எழுதினீங்களா?"

"இல்ல. கேப்டன் குடுத்தது ஆறு பேரு. நானாத்தான் சேத்தேன். அரிசி கிடைக்கும்னு நெனச்சேன். வரிசையா விழுறாங்கன்னு தெரிஞ்சப்புறமும் மூணு நாள் இருந்துச்சு லூமிங். அவன்கிட்ட சொல்ல வாய் வரல."

ஓசிங் இடுப்பிலிருந்து கத்தியை எடுத்து, பிடியை அவள் பக்கம் திருப்பி நீட்டினாள்.

"துணிக்கு அடியில அவரு எழுதின சீட்டு இருக்கு. எடுத்துக்க. அப்புறம் உனக்கு என்ன தோணுதோ செய்."

லூமிங் துணியைப் பிரித்தாள், சீட்டைப் படித்தாள், ஆறு வரை விரல் வைத்து எண்ணினாள். ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். யாரிடமிருந்தோ ஒரு குறடு வாங்கி முள்கம்பியை ஒவ்வொன்றாக வெட்டினாள். கண்ணாடிக் காகிதத்தைக் கிழித்தாள். அதே கத்தியால் அந்தக் கடைசி இரண்டு வரிகளை மட்டும் சுற்றிச் சதுரமாக அறுத்து, தோலை உரித்து எடுத்தாள். அவள் கண்ணிலிருந்து வந்தது தண்ணீர் ஊற்றின நாளில் யாருக்கும் தெரியவில்லை.

"வாயத் தொறங்க."

"லூமிங்..."

"தொறங்க. நீங்க எழுதினத நீங்களே தின்னுங்க."

ஓசிங் தெருவில் முழங்காலிட்டாள். வாயைத் திறந்தாள். லூமிங் உள்ளங்கையால் அமுக்கித் திணித்தாள், உதடு பல்லில் பட்டுக் கிழியும் வரை திணித்தாள். ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. ஓசிங் மென்றாள். ஒரு துண்டு கூட வெளியே விழாமல், கண்ணை மூடாமல், முழுவதையும் மென்று விழுங்கினாள்.

தோல் மொறுமொறுவென்று வந்திருந்தது. உப்பு சரியாக இருந்தது. முப்பது வருடத்தில் அவ்வளவு நன்றாக ஒரு பன்றியை அவள் சுட்டதில்லை. அது நாக்கில் தெரிந்தபோதுதான் ஓசிங் வாய்விட்டு அழுதாள்.